மணந்தவர் நாட்டுக்குப் பிள்ளையோடு செல்லுதல்

(மன்றத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



அயல்நாட்டவரை மணப்பது சரியா, தவறா என்று வாதிடுவதற்கு நாம் இங்கு வரவில்லை. அந்த வாதம் நம் வீட்டுத் திண்ணைகளில் நெடுங்காலமாக நடந்து வருகின்றது, இனியும் நடக்கும். நாம் வாதிட்டுக்கொண்டிருக்கும்போதே திருமணங்களும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. மணம் முடிந்து, பிள்ளையும் பிறந்து, "இனி என் நாட்டுக்குப் போய்க் குடியிருப்போம்" என்று துணைவர் கேட்கும் அந்த நாளைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம். தனியாளாகப் பிரயாணம் செய்வது வேறு. தாயாகவோ தந்தையாகவோ பிள்ளையைக் கையிற் பிடித்துக்கொண்டு, மணந்தவரின் ஊருக்குக் குடிபோவது வேறு. தனியாள் தவறிப்போனால் தன்னோடு போயிற்று. பிள்ளையுடையவர் தவறிப்போனால் அது இரண்டு தலைமுறையைத் தொடுகின்றது.

இதில் நாம் சொல்ல விரும்பும் கருத்து ஒன்றேயாகும். துணைவர் நாட்டுக்குப் பிள்ளையோடு செல்பவர், அந்நாட்டில் தம் சொந்தக் காலில் நிற்கக்கூடியவராகச் செல்ல வேண்டும். அன்பை மாத்திரம் நம்பிச் சென்று, மொழியிலும் பொருளிலும் சட்டத்திலும் பிறர் கையை எதிர்பார்ப்பவராக அவர் இருப்பாராயின், அவருடைய துன்பம் அவரோடு நிற்காது. பிள்ளை தன் பெற்றோரில் ஒருவரை இழக்கும். அவரோடு ஒரு மொழியையும் ஒரு மரபையும் இழக்கும். இதனைச் சில சரித்திரங்கள் வாயிலாக விளக்க முயல்வோம்.

சகுந்தலையின் வழக்கு

இந்தச் சங்கடம் நமக்குப் புதியதன்று. மகாபாரதத்து ஆதிபருவத்தில் வரும் சகுந்தலையை எண்ணிப் பாருங்கள். ஆசிரமத்தில் வளர்ந்த பெண். அரசன் துஷ்யந்தன் அவளைக் காந்தர்வ முறையில் மணந்து சென்றான். அவள் மகனைப் பெற்று வளர்த்து, அவன் வளர்ந்தபின் அவனையும் அழைத்துக்கொண்டு கணவனுடைய நகரத்துக்குச் செல்கின்றாள். சபையிலே அரசன் அவளை அறியேன் என்கின்றான். அவள் எவ்வளவோ நியாயம் எடுத்துரைக்கின்றாள். ஈற்றில் அசரீரி வாக்கு ஒன்று எழுந்த பின்னரே மகன் ஏற்றுக்கொள்ளப்படுகின்றான். அவனே பரதன்.

காளிதாசர் இக்கதையை நாடகமாக்கியபோது அதில் ஒரு கணையாழியைச் சேர்த்தார். கணையாழி தொலைந்தது, மனைவி என்ற உரிமையும் தொலைந்தது. நாம் இதனை விதியின் விளையாட்டு என்றும் முனிவரின் சாபம் என்றும் படித்துக் கண்ணீர் விடுகின்றோம். ஆயினும், சற்று நிதானித்துப் பார்த்தால், இது பத்திரமில்லாத ஒரு தாயின் கதையுமன்றோ? அவளிடம் சாட்சி இல்லை, எழுத்து இல்லை, அந்த நகரத்தில் அவளுக்காகப் பேச ஓர் ஆளும் இல்லை. சகுந்தலைக்கு அசரீரி துணைநின்றது. எல்லோர்க்கும் அசரீரி வருவதில்லை.

டப்ளினுக்குச் சென்ற கிரேக்கத் தாய்

அசரீரி வராத தாய் ஒருத்தியின் வரலாற்றை இனிக் காண்போம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிரேக்க நாட்டை அடுத்த அயோனியத் தீவுகள் பிரித்தானியரின் பாதுகாப்பில் இருந்தன. அங்கே இராணுவ வைத்தியராகப் பணிபுரிந்த சாள்ஸ் ஹேர்ன் என்னும் அயர்லாந்துக்காரர், கித்தேரா தீவைச் சேர்ந்த ரோசா கசிமாற்றி என்னும் பெண்ணை 1849ஆம் ஆண்டில் கிரேக்கத் திருச்சபை முறைப்படி மணந்தார். 1850 யூன் 27இல் லெவ்காடா தீவில் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தீவின் பெயரையே குழந்தைக்கும் சூட்டினர். பின்னாளில் உலகம் அறிந்த எழுத்தாளர் லவ்காடியோ ஹேர்ன் அக்குழந்தையே.

கணவருக்கு மேற்கிந்தியத் தீவுகளுக்கு மாற்றம் வந்தது. மனைவியையும் பிள்ளையையும் டப்ளின் நகரிலிருந்த தம் குடும்பத்தாரிடம் அனுப்பிவைத்தார். 1852ஆம் ஆண்டில் ரோசா இரண்டு வயதுக் குழந்தையோடு டப்ளினில் வந்திறங்கினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எழுத்தறிவும் இல்லை. அவர் பழகிய வெயிலும் கடலும் அங்கில்லை. அவர் வழிபட்ட முறையில் வழிபடுவாரும் அவ்வீட்டில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கணவரை நம்பி அந்த நாட்டுக்கு வந்தாரோ அந்தக் கணவரும் அங்கில்லை. கணவர் 1853இல் நோயோடு திரும்பிவந்து, மீண்டும் போர்முனைக்குச் சென்றார். 1854இல் ரோசா கருவுற்ற நிலையில், மூத்த மகனை டப்ளினில் விட்டுவிட்டுத் தம் நாடு சென்றார்.

பின் நடந்ததே மிகக் கொடியது. கணவர் அந்த மணத்தைச் செல்லாததாக்குமாறு சட்டத்தை நாடினார். காட்டிய காரணம் யாது? மணப் பத்திரத்தில் ரோசாவின் கையொப்பம் இல்லை என்பதே! எழுதத் தெரியாத பெண் எவ்வாறு ஒப்பமிடுவாள்? கோவிலில் நடந்த திருமணம் ஒரு கையெழுத்துக் குறையால் இல்லாமற் போயிற்று. சகுந்தலையின் கணையாழி போன இடம் எதுவென்று இப்போது விளங்குகின்றதல்லவா? ரோசா கிரேக்க நாட்டில் மறுமணம் செய்துகொண்டார்; பிள்ளைகள் தந்தை பக்கத்தாரிடமே வளர்ந்தனர். 1882ஆம் ஆண்டில் கோர்பு தீவின் மனநோய் வைத்தியசாலை ஒன்றில் அவர் காலமானார். நான்கு வயதிற் பிரிந்த மகன் தன் தாயை மறுபடி காணவேயில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வீட்டார் அரக்கர் அல்லர். குழந்தையை வளர்த்த பெரிய அத்தை அவனிடம் அன்புடையவராகவே இருந்தார். கணவரும் முதலில் அன்பினாலேயே மணந்தார். அப்படியிருந்தும் ஒரு குடும்பம் இவ்வாறு சிதறியதற்குக் காரணம், சென்றவளிடம் தன் பிழைப்புக்கான எந்தக் கருவியும் இல்லாமையே. மொழி, எழுத்து, பணம், பத்திரம், உறவு ஆகிய ஐந்தில் ஒன்றாவது அவள் கையில் இருந்திருந்தால் கதை வேறாக முடிந்திருக்கக்கூடும்.

மகன் கற்ற பாடம்

ஹேர்ன் 19 வயதில் அமெரிக்கா சென்று, பத்திரிகைத் தொழில் புரிந்து, 1890ஆம் ஆண்டில் யப்பானை அடைந்தார். மட்சுயே என்னும் ஊரில் ஆங்கில ஆசிரியரானார். அங்கே சாமுராய்க் குடும்பத்துப் பெண்ணாகிய கொய்சுமி செட்சு என்பவரை மணந்தார். 1893இல் மூத்த மகன் பிறந்தான். இப்போது ஹேர்ன் தம் தாய் நின்ற இடத்தில் நிற்கின்றார்: மணந்தவர் நாட்டில் வாழும் அந்நியர், பிள்ளைக்குப் பெற்றோர்.

அக்காலச் சட்டத்தின்படி, செட்சு அவருடைய மனைவியாகப் பதிவுபெற்றால், கணவனின் நாட்டுரிமையையே தாமும் அடைந்து, பிறந்த ஊரிலேயே அந்நியர் ஆகிவிடுவார். பதிவில்லாமல் விட்டாலோ, ஹேர்ன் இறந்தால் மனைவிக்கும் மக்களுக்கும் அவருடைய பொருள் சேருமென்ற உறுதி இல்லை. தம் தாயின் மணம் ஒரு கையொப்பக் குறையால் அழிந்ததை அறிந்த மகன் என் செய்தார்? மனைவியின் குடும்பத்திலே சுவீகாரமாகி, 1896ஆம் ஆண்டில் யப்பானியப் பிரசையானார். கொய்சுமி யாக்குமோ என்று பெயரும் மாற்றிக்கொண்டார். நாட்டை மாற்றியதும் பெயரை மாற்றியதும் ஆசையால் மாத்திரம் அல்ல. மனைவி மக்களின் உரிமையைப் பத்திரத்தில் நிலைநிறுத்துவதற்காகவுமேயாம்.

ஆனால், தம்மிடமிருந்ததை அவர் பிள்ளைக்குக் கொடாமல் விட்டாரா? இல்லை. மூத்த மகனுக்கு நாள்தோறும் தாமே ஆங்கிலம் கற்பித்தார். மனைவியோடு அவர் பேசியது இலக்கணம் குறைந்த ஒருவகை யப்பானிய மொழி. அவ்வீட்டாருக்கு மாத்திரமே விளங்கிய மொழி. அந்த மொழியிலேதான் செட்சு பழங்கதைகளைச் சொன்னார். அவற்றைக் கேட்டே ஹேர்ன் தம் புகழ்பெற்ற நூல்களை எழுதினார். 1904 செப்டெம்பர் 26இல் அவர் ரோக்கியோவில் இறந்தபோது நான்கு மக்களும் தாயோடு தம் நாட்டிலே, தம் பெயரிலே, சட்டப்படி இருந்தார்கள். ரோசாவின் பிள்ளைகளுக்குக் கிட்டாதது அவருடைய பேரப்பிள்ளைகளுக்குக் கிட்டிற்று.

நம் நாட்டுக் கதை

இனி, நமக்கு நெருங்கிய ஓர் உதாரணம். சேர் முத்து குமாரசுவாமி அவர்களை நாம் அறிவோம். இராமநாதன், அருணாசலம் ஆகியோரின் தாய்மாமனார். சட்டநிரூபண சபை அங்கத்தவர். இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் தந்தவர். அவர் கென்ற் மாகாணத்தைச் சேர்ந்த எலிசபெத் பீபி அம்மையாரை மணந்தார். அம்மையார் கணவரின் நாடாகிய இலங்கைக்கு வந்தார். 1877 ஓகஸ்ட் 22இல் கொழும்பிலே மகன் பிறந்தான். ஆனந்த கென்ரிஷ் குமாரசுவாமி என்று பெயரிட்டனர். அந்த ஒரு பெயருக்குள் தாயின் ஊரும் தந்தையின் குடியும் அருகருகே இருப்பதைக் கவனியுங்கள்.

1879இல் அம்மையார் குழந்தையோடு இங்கிலாந்து சென்றார். கணவர் பின்னால் வந்து சேர்வதாக ஏற்பாடு. அவரும் சென்றிருந்தால், மனைவியின் நாட்டுக்குக் குடிபெயரும் தந்தையாக அவரே இருந்திருப்பார். விதி வேறாயிற்று. கப்பலேற இருந்த அன்றே, 1879 மே 4இல், அவர் கொழும்பில் காலமானார். மகனுக்கு அப்போது இரண்டு வயதும் நிரம்பவில்லை.

ஆனந்த குமாரசுவாமி இங்கிலாந்தில் வளர்ந்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று, 1903ஆம் ஆண்டளவில் கனிப்பொருள் ஆராய்ச்சிப் பணிக்காகவே இலங்கை வந்தார். தந்தையின் மரபை அவர் தந்தையின் மடியிலிருந்து பெறவில்லை. நூல்களிலிருந்தும் கோயில்களிலிருந்தும் கைவினைஞரிடமிருந்தும் தாமே தேடிப் பெற்றார். சிவதாண்டவத்தைப் பற்றி உலகமே வியந்து படிக்கும் நூலை 1918இல் வெளியிட்டார். நம் மேடைகளில் அவரைப் புகழாதார் இல்லை. ஆனால், இந்தப் புகழுரைகளில் ஓர் உண்மை மறைந்துபோகின்றது. தந்தையில்லாத வீட்டில், அயல்நாட்டில், தந்தையின் மொழி ஒலிக்காத சூழலில் வளர்ந்த ஒரு பிள்ளை, அம்மரபை மீட்டெடுப்பதற்கு ஒரு மேதையாக இருக்க வேண்டியிருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஆனந்த குமாரசுவாமிகள் அல்லரே! சாதாரணப் பிள்ளைக்குப் பெற்றோர் வாயாற் சொல்லாதது கிடைப்பதேயில்லை.

இன்றைய நிலை

இச்சரித்திரங்கள் பழையன; கப்பற் காலத்தன. இன்று விமானமும் தொலைபேசியும் உண்டே என்று சிலர் நினைக்கலாம். வழி சுருங்கியிருக்கின்றது, சட்டமோ நீண்டிருக்கின்றது. ஆதலால், பிரயாணத்துக்கு ஆயத்தமாகும் இளம் பெற்றோர் கருதவேண்டியவை சிலவற்றைச் சொல்கின்றோம்.

முதலாவது, பத்திரம். விவாகப் பதிவு இரு நாட்டிலும் செல்லுபடியாகின்றதா, பிள்ளையின் பிரசாவுரிமை யாது என்பவற்றைப் புறப்படுமுன்பே தெளிவாக்க வேண்டும். நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டப்படி, பெற்றோர் மணம் புரிந்தவராயின் பிள்ளைக்கு வம்சாவளி உரிமை தந்தைவழியே சென்றது. இலங்கைத் தாய் அயல்நாட்டவரை மணந்து பெற்ற பிள்ளை, தாயின் நாட்டிலே அந்நியப் பிள்ளையாயிற்று. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்த பின்னரே தாய்க்கும் அந்த உரிமை கிடைத்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் நம் சகோதரிகள் இதற்காகக் காத்திருந்தார்கள் என்பதை ஆண்களாகிய நாம் மறத்தல் ஆகாது. அயல்நாட்டிற் பிறக்கும் பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் நம் தூதரகத்திலோ உரிய காரியாலயத்திலோ பதிந்துகொள்ள வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. வேறு நாட்டுப் பிரசாவுரிமையைத் தாமாக ஏற்பவர் நம் நாட்டுரிமையை இழப்பர். அதனை வைத்துக்கொள்ள விரும்பினால் 1987ஆம் ஆண்டில் ஏற்பட்ட இரட்டைப் பிரசாவுரிமை முறைப்படி விண்ணப்பம் செய்ய வேண்டும். பெட்டியில் அடுக்கும் சேலைகளையும் மிளகாய்த் தூளையும் விட இந்தக் காகிதங்கள் பாரமானவை.

இரண்டாவது, திரும்பும் வழி. நம் பெரியோர் சிலர் பெண்ணை வழியனுப்பும்போது, "சரிவராவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு மோளே" என்று ஆறுதல் சொல்லுகின்றனர். அன்பினாற் சொல்லும் வார்த்தைதான். ஆனால் அபாயமான வார்த்தை. பிள்ளைக் கடத்தல் தொடர்பான ஹேக் உடன்படிக்கை என்று ஒன்று 1980ஆம் ஆண்டில் உருவாயிற்று. நம் நாடும் அதில் இணைந்து 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. அவ்வுடன்படிக்கையின்படி, 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை, அது வழக்கமாக வாழ்ந்த நாட்டிலிருந்து, காவலுரிமையுள்ள மற்றப் பெற்றோரின் சம்மதமின்றி அகற்றினால், பிள்ளையை அந்நாட்டுக்கே திருப்பி அனுப்புமாறு நீதிமன்றம் கட்டளையிடலாம். பெற்ற தாயேயானாலும் தந்தையேயானாலும் இந்த விதி பொருந்தும். பிள்ளை யாரிடம் வளரவேண்டும் என்ற கேள்வியை அந்த நாட்டு நீதிமன்றமே தீர்க்கும். பிள்ளைக்குப் பெருந்தீங்கு நேருமென்று காட்டினால் விலக்கு உண்டு. அதற்கும் சான்று வேண்டும்.

இதன் பொருள் யாது? போகும் முடிவை இருவர் சேர்ந்து எடுக்கின்றனர். திரும்பும் முடிவை ஒருவர் தனித்து எடுக்க இயலாது. பிள்ளை அங்கே பள்ளிக்கூடம் சென்று, அயலாரோடு விளையாடி, வேரூன்றிவிட்ட பின், அந்த நாடே அதன் வாழ்விடமாகின்றது. ஆகவே, "இரண்டு வருடம் இருந்து பார்ப்போம்" என்று சொல்வதானால், அந்த இரண்டு வருடத்தின் முடிவில் என்ன செய்வோம் என்பதையும் புறப்படுமுன் இருவரும் பேசி, எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வெழுத்து எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தாது. இருந்தும் இருவர் மனத்தையும் தெளிவாக்கும். இரு நாட்டுச் சட்டமும் அறிந்த ஒரு சட்டத்தரணியை ஒரு முறையாவது காண்பது, விமானச் சீட்டு வாங்குவதைப் போலவே அவசியமான செலவு. துன்புறுத்தலுக்கு ஆளாகின்றவர்கள் மௌனமாக இருந்து ஓடிவருவதைவிட, அந்நாட்டுப் பொலிசாரையும் வைத்தியரையும் காலத்தில் அணுகி உதவியும் சான்றும் பெறுவதே பிள்ளையைக் காக்கும் வழியாகும்.

மூன்றாவது, மொழியும் பிழைப்பும். ஜேர்மனி நாடு 2007ஆம் ஆண்டில், அங்கே துணைவரோடு சேர வருபவர் புறப்படுமுன்பே அடிப்படை ஜேர்மன் மொழி அறிவைக் காட்ட வேண்டும் என்று விதித்தது. சிலருக்கு மாத்திரம் விலக்கு அளித்தது. பிரித்தானியா 2024 ஏப்பிரலில், துணைவரை அழைக்கும் குடும்பம் காட்டவேண்டிய ஆண்டு வருமானத்தை 18,600 பவுணிலிருந்து 29,000 பவுணாக உயர்த்தியது. இவை கடுமையான விதிகள்தாம். ஆனால், சட்டம் கேட்கும் அளவோடு நிற்பவர் கடைக்குப் போய் அரிசி வாங்கலாம். பிள்ளையின் ஆசிரியரோடு பேச முடியாது. வைத்தியரிடம் காய்ச்சலின் குறியைச் சொல்ல முடியாது. வங்கிக் கடிதத்தைப் படிக்க முடியாது. பிள்ளையே தாய்க்கு மொழிபெயர்ப்பாளராகும் வீடுகள் உண்டு. எட்டு வயதுப் பிள்ளை தன் தாயின் நோயை வைத்தியருக்கு எடுத்துரைப்பது, தாய்க்கும் அழகன்று, பிள்ளைக்கும் பாரம். ஆதலால் அந்நாட்டு மொழியைப் புறப்படுமுன்பே கற்கத் தொடங்குக. தம் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, தம் கையில் தம் கடவுச்சீட்டு, தம் படிப்புக்கு அந்நாட்டில் என்ன மதிப்பு என்ற விசாரணை, இவை துணைவர்மேல் வைக்கும் சந்தேகம் அல்ல. துணைவர் நோயுற்றால், வேலையிழந்தால், ஹேர்னின் தந்தையைப்போலத் தூரதேசம் சென்றால், முத்து குமாரசுவாமியைப்போலத் திடீரென மறைந்தால், பிள்ளையைத் தாங்க ஒரு தோள் வேண்டாமா?

நான்காவது, பிள்ளையின் இரண்டாவது மொழி. பிரான்சு நாட்டு மொழியறிஞர் யூல் றொன்யா என்பவர் ஜேர்மன் பெண்ணை மணந்து பிரான்சிலே வாழ்ந்தார். தந்தை பிரெஞ்சிலும் தாய் ஜேர்மனிலும் மாத்திரமே பிள்ளையோடு பேசவேண்டும் என்று கிராமோன் என்னும் அறிஞர் அவருக்கு ஆலோசனை கூறினார். அவ்வாறே நடந்து, மகன் இரு மொழியும் பேசி வளர்ந்ததை றொன்யா 1913ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். கணவரின் நாட்டுக்கு வந்த தாய் தன் மொழியைக் கைவிடாமலிருந்ததால் பிள்ளைக்கு நட்டம் எதுவும் நேரவில்லை, இலாபமே கிடைத்தது. ஆனால் இதற்கு மற்றப் பெற்றோரின் சம்மதமும் மதிப்பும் வேண்டும். றொன்யா தம் வீட்டில் ஜேர்மன் ஒலிப்பதை விரும்பினார். அதுவே வெற்றியின் இரகசியம். நம்மவர் செல்லுமிடத்தில் "தமிழ் பேசிப் பிள்ளையைக் குழப்பாதே" என்று எவரேனும் சொன்னால், இந்த நூலை நினைவுகூருங்கள்.

சமயமும் அவ்வாறே. ஜேர்மனியின் ஹாம் நகரில் 2002ஆம் ஆண்டில் நம்மவர் முயற்சியால் காமாட்சி அம்பாளுக்குப் பெருங்கோயில் எழுந்தது. அயல்நாட்டில் கோயில் இல்லையே என்ற குறை பல ஊர்களில் நீங்கியிருக்கின்றது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை தேர் பார்க்கும் பிள்ளைக்குத் தேர் ஒரு வேடிக்கை. மாலையில் விளக்கேற்றி, தாய் அல்லது தந்தை பக்கத்திலிருந்து ஒரு தேவாரம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்கே அது வழிபாடு. துணைவர் வேறு சமயத்தவராயின், அவருடைய வழிபாட்டையும் பிள்ளை மரியாதையோடு காண வேண்டும். ஒன்றைக் கற்பிக்க மற்றொன்றை இழிவுசெய்தல் சைவத்தின் வழியன்று.

நம் வீட்டு வாசல்

இதுவரை நம்மவர் வெளியே செல்வதைப் பற்றிப் பேசினோம். பெரியோர்களே, சற்று மறுபக்கமும் பாருங்கள். நம் அண்ணன்மார் சிலர் அயல்நாட்டு மனைவியோடும் பிள்ளைகளோடும் ஊர் திரும்புகின்றனர். அப்போது ரோசாவின் இடத்தில் நிற்பவர் அந்த மருமகள். டப்ளினின் இடத்தில் நிற்பது நம் ஊர். அவரை நாம் எவ்வாறு வரவேற்கின்றோம்?

மிஷன் பாடசாலையில் பயின்ற எமக்கு அங்கே கற்பித்த ரூத் என்னும் பெண்ணின் சரித்திரம் நினைவுக்கு வருகின்றது. மோவாப் நாட்டவளாகிய அவள், கணவன் இறந்த பின்னும், மாமியார் நகோமியோடு கணவனின் ஊராகிய பெத்லகேமுக்கு வந்தாள். ரோசாவைவிட அவள் செல்வம் உடையவள் அல்லள். வயலிலே சிந்திய கதிர் பொறுக்கிப் பிழைத்தவள். ஆயினும் அவள் அந்த ஊரில் வேரூன்றினாள். காரணம் யாது? அந்த ஊரின் வழக்கத்தையும் உறவையும் உரிமையையும் அறிந்த ஒரு மாமியார் அவள் அருகிலிருந்து, எங்கே போவது, யாரிடம் பேசுவது என்று சொல்லிக் கொடுத்தாள். பிறந்த பிள்ளையைத் தன் மடியில் ஏந்தினாள். ஒரு மாமியார் மனம் வைத்தால் அந்நிய நாடு தாய்நாடாகும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

நம் தாய்மாரே, உங்கள் வீட்டுக்கு வரும் மருமகளுக்குப் புட்டவிக்கக் கற்பிப்பதற்கு முன், அவளுக்கு வழிகாட்டக் கற்பியுங்கள். கிராமசேவகர் கந்தோருக்கும் வங்கிக்கும் கூட்டிச் செல்லுங்கள். அவள் தன் பிள்ளையோடு தன் மொழியிற் பேசும்போது, "என்ன கதைக்கிறாள்?" என்று சந்தேகிக்காதீர்கள். அவளுடைய தாய் தொலைபேசியில் அழைத்தால், "பேத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறா போல" என்று மகிழுங்கள். அயல்நாட்டில் நம் மகளுக்கு எதை வேண்டுகின்றோமோ, அதனை நம் நாட்டில் பிறர் மகளுக்குக் கொடுப்பதே அறம்.

இளைஞர்களாகிய எமக்கும் ஒரு கடமை உண்டு. மணந்தவளைத் தன் ஊருக்கு அழைத்துவரும் ஆண்மகன், "என் வீட்டார் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஒதுங்குதல் ஆகாது. சாள்ஸ் ஹேர்ன் அப்படித்தான் ஒதுங்கினார். சொந்த நாட்டில் வாழும் துணைவருக்கு மொழி உண்டு, சட்டம் தெரியும், சுற்றம் உண்டு. எல்லாப் பலமும் அவர் பக்கமே இருக்கின்றது. பலமுள்ளவர் அப்பலத்தைப் பகிர்ந்துகொள்ளாத வீட்டில் அன்பு நெடுநாள் தங்காது.

பெரியோர்களே, சகோதர சகோதரிகளே, நாம் யாரையும் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. கடல் கடந்து செல்லுதல் நம் முன்னோர்க்கும் பழக்கமே. போகின்றவர் கையில் பத்திரமும், நாவில் இரு மொழியும், பெயரில் சிறிது பொருளும் இருக்கட்டும். அவரை ஏற்கும் வீட்டார் மனத்தில் நகோமியின் அன்பு இருக்கட்டும். அப்போது பிள்ளை இரண்டு நாடுகளுக்கிடையில் இழுபடாது, இரண்டுக்கும் வாரிசாகும். எங்கள் மன்றத்தார் இப்பொருளைப் பற்றி மேலும் ஆராய்ந்து, வெளிநாடு செல்லவிருக்கும் அங்கத்தவருக்கும், இங்கே வந்து குடியேறும் மருமக்கள் குடும்பத்துக்கும் வழிகாட்டும் சிறிய பணி ஒன்றை ஏற்க வேண்டும் என்ற விண்ணப்பத்தோடு எமது உரையை முடித்துக்கொள்ளுகின்றோம்.